நெடுநாள் நின்ற உழவு இயந்திரத்தை மீண்டும் இயக்குதல்

(குறிகட்டுவானில் கூடிய கமக்காரர்களுக்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் விதையைப் பற்றியதுமன்று, பசளையைப் பற்றியதுமன்று. உங்கள் வளவுகளிலே கொட்டிலின் கீழும், சில இடங்களில் கொட்டிலுமின்றிப் பனைமரத்தடியிலும், பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கின்ற உழவு இயந்திரங்களைப் பற்றியதாகும்.

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது பல கமங்கள் கைவிடப்பட்டன. 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினர். சிலர் இன்னும் வெளிநாடுகளில் இருக்கின்றனர். தகப்பனார் வாங்கி ஓட்டிய இயந்திரம் வளவில் நிற்கின்றது. "அதனைத் திருத்திப் பாருங்கள், செலவுக்குப் பணம் அனுப்புகின்றேன்" என்று தமையனார் எழுதுகின்றார். பழைய இரும்பு வாங்குவோரும் படலையடியில் வந்து விலை கேட்கின்றனர். இரண்டில் எதனைச் செய்வது என்பதே கேள்வி.

நமது தீவுகளில் நெல் முழுவதும் மழையை நம்பியது. வாடைக்காற்றோடு வரும் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆவணி, புரட்டாதியில் புழுதியாக உழுது விதைத்தவன் முதல் மழையைப் பயன்படுத்திக்கொள்வான். அந்த நாட்களிலோ எல்லாருக்கும் ஒரே வேளையில் இயந்திரம் வேண்டியிருக்கின்றது. வாணர் தாம்போதியைக் கடந்து வரவேண்டிய கூலி இயந்திரம் முதலில் வழியிலுள்ள வயல்களை உழுத பின்னரே கடைசியில் இவ்விடம் வந்து சேரும். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் உள்ளோருக்குக் கடலும் குறுக்கே கிடக்கின்றது. ஆகையால் சொந்த வளவில் நிற்கும் இயந்திரம் ஓடுமாயின் அது ஒரு போகத்தைக் காக்கக்கூடியது. இரும்பு விலைக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை அதனைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும் என்று நான் கூறுவது இதனாலேயே.

எனினும் ஒன்றை முதலிலேயே மனத்திற் கொள்ளுங்கள். நின்ற காலம் கெடுப்பதிலும் பார்க்க, மீண்டும் இயக்கும் முதல்நாள் அவசரமே இத்தகைய இயந்திரங்களை அதிகம் கெடுக்கின்றது. வழமையாக நடப்பது யாது? புதிய பற்றரி வாங்கிப் பூட்டப்படும். கொஞ்சம் டீசல் ஊற்றப்படும். அயலவர் கூடுவர். ஸ்ராட்டர் சுற்றாவிடின் இன்னொரு உழவு இயந்திரத்தை முன்னே பூட்டிச் சங்கிலியால் இழுப்பர். இருபது ஆண்டு நின்ற எஞ்சின் சிலிண்டருக்குள் மழைநீர் நிற்கக்கூடும். பிஸ்டன் றிங்குகள் துருவினால் சுவரோடு ஒட்டியிருக்கக்கூடும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. நீர் நிற்கும் சிலிண்டரில் பிஸ்டன் வலிந்து மேலேறினால் அதனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். ஒட்டிய றிங்கை வலிந்து அசைத்தால் அது முறியும். சில நாள் பொறுமையால் மீண்டிருக்கக்கூடிய எஞ்சின், அரை நாழிகையில் இரும்பாகிப் போகின்றது. ஆதலால் எஞ்சின் கையாற் சுற்றப்படும்வரை பற்றரியும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம்.

முதல்நாள் பார்வைக்கு மட்டும் உரியது. நீண்ட தடியொன்றினால் இருக்கையின் கீழும், மூடியின் கீழும், பெட்டியின் உட்புறமும் தட்டிப் பாருங்கள். பாம்பும் குளவியும் அங்கே குடியிருக்கும். எலி கடித்த மின்கம்பிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சில்லுகளின் முன்னும் பின்னும் கல் வைத்து, கியர் நடுநிலையில் உள்ளதா என்று பாருங்கள்.

அடுத்துப் புகைக்குழாயைப் பாருங்கள். நமது பகுதியில் நீங்கள் காணும் மாசி பேர்குசன் 35, 135 போன்ற இயந்திரங்கள் பலவற்றில் புகைக்குழாய் வானை நோக்கி நிற்கும். வாயை மூடாது விட்டால் ஒவ்வொரு மாரியின் மழையும் அதனூடே இறங்கி, வால்வு திறந்தபடி நின்ற சிலிண்டருக்குள் சேர்ந்துவிடும். அந்தக் குழாயின்மேல் ஒரு பால்மாப் பேணியைக் கவிழ்த்துவைத்த வீட்டாரின் எஞ்சின் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். குழாய் திறந்து நின்றிருப்பின், உள்ளே நீர் உண்டு என்றே எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பின்பு எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்தது போல் வெளிறியிருந்தாலும், குறிக்கு மேலே ஏறியிருந்தாலும் நீரோ டீசலோ கலந்துள்ளது. எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகாணியை மெல்ல இளக்குங்கள். நீர் பாரமானது, ஆதலால் எண்ணெய்க்கு முன்னர் அதுவே சொட்டும். ஒரு கோப்பை நீர் வந்தால் திகைக்க வேண்டியதில்லை. ஆனால் நீரோடு துருச்சேறும் வருமாயின் தொட்டியைக் கழற்றிச் சுத்தஞ்செய்தல் வேண்டும். பின்புறத்துக் கியர்ப்பெட்டியையும் மறவாதீர்கள். இவ்வகை இயந்திரங்களில் கியருக்கும், கலப்பையைத் தூக்கும் நீரியல் பகுதிக்கும் ஒரே எண்ணெய். கியர்த்தடியின் அடியிலுள்ள றப்பர் உக்கியிருந்தால் மழைநீர் அதன் வழியே இறங்கியிருக்கும். அந்த எண்ணெய் முப்பது லீற்றரளவு கொள்ளும், விலை உயர்ந்தது. ஆதலால் முதலில் அடித்திருகாணியைத் திறந்து, நீர் வெளியேறும்வரை மட்டும் விட்டுப் பாருங்கள். தெளிந்த எண்ணெய் பின்னே வருமாயின் சோதனை ஓட்டத்துக்கு அதுவே போதும். வெண்மையாக வருமாயின் முழுவதையும் மாற்றாமல் வழியில்லை.

இனி எஞ்சினைக் கையாற் சுற்றுதல். மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சினாயின் மூன்று இன்ஜெக்டர்களையும் கழற்றுங்கள். அவை இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காது, சுற்றிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒருநாள் பொறுத்திருங்கள். துவாரங்கள் திறந்தபின் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும், சமபங்கு டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து கால் லீற்றர் அளவில் விடுங்கள். துவாரங்களைத் துணியால் மூடிவைத்து மூன்று நாள் அப்பாற் செல்லுங்கள். அதன்பின் முன்பக்கத்துக் கப்பியின் நடுவிலுள்ள நட்டில் நீளமான ஸ்பானரைப் பூட்டி மெல்ல அழுத்துங்கள். இடம் போதாவிடின் ஸ்ராட்டரைக் கழற்றி, அத்துவாரத்தினூடே பறக்குஞ் சில்லின் பற்களில் இரும்புக் கோலை வைத்து நகர்த்தலாம். மயிரிழை அசைந்தாலும் வெற்றியே. முன்னும் பின்னுமாக அசைத்து, மீண்டும் எண்ணெய் விட்டு, மறுநாள் பாருங்கள். ஒரு வாரமாகலாம், இரு வாரமுமாகலாம். ஸ்பானரின் பிடிக்கு மேல் நான்கடிக் குழாயை மாட்டித் தொங்குவது தமையனாரின் பணத்துக்கு வைக்கும் தீ.

இரு வாரத்தின் பின்னும் அசையாதாயின், அப்போது தலைப்பகுதியைக் கழற்றுவிக்க வேண்டும். அங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டிய இடமும் வருகின்றது. சிலிண்டர்ச் சுவரில் விரல்நகம் தடக்கும் அளவுக்குத் துருக்குழி விழுந்திருந்தால் புதிய உறையும் பிஸ்டனும் வேண்டும். கட்டை வெடித்திருந்தால் அதற்குமேற் செலவிடாதீர்கள். இவ்வியந்திரங்களுக்கு உதிரிப்பாகம் இன்றும் கிடைப்பது நமது நல்வினை. மாசி பேர்குசன் 135 உற்பத்தி 1975ஆம் ஆண்டளவில் முடிந்தது, ஆயினும் அதன் வழிவந்த இயந்திரங்களைச் சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் தொடர்ந்து செய்துவந்துள்ளது, பாகிஸ்தானிலும் செய்கின்றனர். இவை நமது நாட்டு வயல்களிலும் ஓடுகின்றன. ஆயினும் கண்ணால் ஒத்துப்பார்த்து வாங்காது, பழைய பாகத்தையும் அதன் இலக்கத்தையும் கையிற் கொண்டுசென்று வாங்குங்கள். சாம்பல் நிறத்துப் பழைய பேர்குசனோ வேறு வகை; 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் ஐந்து இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்டது. அவற்றில் பெற்றோலில் ஓடுவனவும், மண்ணெண்ணெய் போன்ற ஆவி எண்ணெயில் ஓடுவனவும், டீசலில் ஓடுவனவும் உண்டு. சாம்பல் நிறம் என்பதனால் எல்லாம் டீசல் என்று எண்ணிவிடாதீர்கள்.

எஞ்சின் தடையின்றி இரண்டு முழுச்சுற்றுச் சுற்றியதென்றால் பாதி வழி கடந்தாயிற்று. மறுபாதி டீசலில் இருக்கின்றது.

தாங்கியில் எஞ்சிய பழைய டீசலை முழுவதும் வெளியேற்றுங்கள். ஒரு போத்தலில் எடுத்து வைத்துப் பார்த்தால் அடியில் நீரும், நடுவே கறுத்த சளிபோன்ற படையும் தெரியும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்களே அப்படை. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பீப்பாக்களில் சேமித்து மறந்துபோன டீசலும் இதே நிலையில் இருக்கலாம். அதனை இதற்கு ஊற்றாதீர்கள். தாங்கியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, வடிகட்டிகளைப் புதிதாக மாற்றுங்கள். வடிகட்டியில் மீதம்பிடிப்பது வீண் சிக்கனம்.

டீசல் பம்பியையும் இன்ஜெக்டர்களையும் வீட்டில் பிரிக்கவேண்டாம். அவற்றின் உள்ளுறுப்புகள் மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளியில் பொருந்துவன. சோதனை மேசையுள்ள பம்பித் திருத்தகத்துக்கே அவை செல்லல் வேண்டும். தீவகத்தாருக்கு நான் குறிப்பாகச் சொல்வது இது: இயந்திரத்தை லொறியிலோ வள்ளத்திலோ ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோகாதீர்கள். பம்பி இருந்த நிலையைச் சுண்ணாம்புக் கோடிட்டுக் குறித்து, ஒளிப்படமும் எடுத்துக்கொண்டு, பம்பியையும் மூன்று இன்ஜெக்டர்களையும் ஒரு சாக்கிற் பொதிந்து பேருந்திற் கொண்டுபோங்கள். ஏற்றுகூலியிலே மிஞ்சும் பணம் திருத்தற்கூலிக்கு உதவும். பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் உங்கள் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடியிருந்தால் அதனையும் திருத்துபவரிடம் சொல்லுங்கள். மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லை. பம்பியின் உள்ளுறுப்புத் தேய்ந்திருக்கக்கூடும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. தீவகத்துக் கிணறுகள் பலவும் உவர். அந்த நீரை ரேடியேற்றரில் ஊற்றினால் உப்புப் படிந்து, உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும். மழைநீரைச் சேமித்து வைத்திருந்தால் அதுவே சிறந்தது. அதனோடு துருத்தடுப்புக் குளிர்த்தி நீர்மத்தைக் குறிப்பிட்ட அளவிற் கலவுங்கள். பழைய றப்பர்க் குழாய்களை விரலால் அழுத்திப் பார்த்து, வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். காற்று வடிகட்டி எண்ணெய்க் கிண்ணமுள்ளதாயின் கழற்றிக் கழுவிப் புது எண்ணெய் குறியளவு விடுங்கள். அதற்குள் குளவிக்கூடு இருத்தல் வெகு சாதாரணம்.

பற்றரி பூட்டுமுன் பழைய கம்பிகளில் எது உடலோடு பூட்டப்பட்டிருக்கின்றது என்று பாருங்கள். பழைய ஆங்கில இயந்திரங்கள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு பூட்டப்பட்டது. மாறிப் பூட்டினால் டைனமோவும் அளவுமானிகளும் பழுதாகும். பச்சை பிடித்த முனைகளை அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள். கடற்காற்றில் இதனை ஆண்டுதோறும் செய்யவேண்டும். கியர் நடுநிலையில் இல்லாதபோது ஸ்ராட்டர் சுற்றாதபடி தடுக்கும் ஆளியைச் சிலர் கம்பியால் இணைத்து வேலையற்றதாக்கியிருப்பர். அக்கம்பியை அறுத்து, ஆளியைத் திருத்துங்கள். கியரில் நின்ற இயந்திரத்தை நிலத்தில் நின்றபடி இயக்கி, பின்சில்லுக்குள் அகப்பட்டவர்கள் பல நாடுகளில் உளர்.

இப்போது முதல் இயக்கம். இன்ஜெக்டர்கள் இல்லாமலே ஸ்ராட்டரால் சில விநாடி சுற்றுவியுங்கள். உள்ளே விட்ட எண்ணெயும் நீரும் பீறிட்டு வெளிவரும், முகத்தை அப்பால் வைத்துக்கொள்ளுங்கள். பின் இன்ஜெக்டர்களைப் புதிய செப்பு வாசர்களோடு பூட்டி, டீசல் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். வடிகட்டியின் மேலுள்ள திருகாணியை இளக்கி, ஏற்றும் சிறு பம்பியின் கைப்பிடியை அசைக்க, குமிழியோடு டீசல் வரும். குமிழி நின்றதும் இறுக்குங்கள். டீசல் பம்பியின் திருகாணிகளிலும் அவ்வாறே. இறுதியாக இன்ஜெக்டர்க் குழாய்களின் நட்டை இளக்கி, ஸ்ராட்டரால் சுற்றி, டீசல் தெறிக்கக் கண்டு இறுக்குங்கள். அத்தெறிப்பைக் கையாற் தடுக்காதீர்கள். அவ்வழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் ஊசிமுனையளவே தோன்றினும் உடனே வைத்தியசாலை செல்லல் வேண்டும். நாளை பார்ப்போம் என்றிருந்தால் விரலை இழக்க நேரிடும்.

எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்துவைத்துக்கொண்டு பத்து விநாடிக்கு மேற்படாமல் ஸ்ராட்டரைச் சுற்றுவித்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு மீண்டும் சுற்றுவியுங்கள். எண்ணெய் அழுத்தமானி அசையும்வரை இவ்வாறு செய்தபின்னரே கம்பியை உள்ளே தள்ளி இயக்குங்கள். காற்று உள்ளிழுக்கும் வாயருகே ஒருவர் தட்டையான பலகையொன்றுடன் நிற்கட்டும். வடிகட்டிக் குழாயை அதுவரை கழற்றிவைத்திருங்கள். நெடுநாள் நின்ற பம்பி திறந்தபடி இறுகியிருந்தால் எஞ்சின் கட்டுப்பாடின்றிப் பெருவேகம் கொள்ளும். திறப்பைத் திருப்பினாலும் நில்லாது. பலகையால் காற்றை அடைத்தாற்தான் நிற்கும். கையால் அடைத்தலாகாது. பெற்றோலையோ ஈதரையோ அவ்வாயில் தெளித்து இயக்குவதும் வேண்டாம். பம்பியும் இன்ஜெக்டரும் சரியாயின் நமது வெப்பத்தில் டீசல் தானே பற்றும்.

ஓடத்தொடங்கியதும் முதலில் வெண்புகையும் நீலப்புகையும் வரும். பத்து நிமிடத்தில் குறைய வேண்டும். அழுத்தமானி விழுந்தாலோ, இரும்பில் இரும்பு தட்டும் ஒலி கேட்டாலோ உடனே நிறுத்துங்கள். பத்து மணி நேரம் ஓடியபின் எஞ்சின் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மறுபடி மாற்றுங்கள். உள்ளே கரைந்த துருவெல்லாம் அந்த எண்ணெயில் வந்திருக்கும்.

எஞ்சின் ஓடிவிட்டதென்று அன்றைக்கே வயலுக்கு இறங்கவேண்டாம். ஓடும் எஞ்சினிலும் நிற்காத பிறேக்கே ஆளைக் கொல்கின்றது. இரண்டு பிறேக் மிதிகளையும் தனித்தனியே, மனிதன் நடக்கும் வேகத்தில், வெறும் தரையிற் சோதியுங்கள். வீதியிற் செல்லும்போது இரண்டையும் கொளுவியால் இணைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் அப்பக்கம் திரும்பும், தாம்போதியில் அப்பக்கம் கடல். கிளச்சுத் தட்டு துருவினால் ஒட்டியிருந்தால் அதனைத் தனியே விடுவிக்க முயலாது, பழகிய மெக்கானிக்கை வரவழையுங்கள். பின்ரயர்களில் பாரத்துக்காக நீர் நிரப்பும் வழக்கம் உண்டு. கடல்நீரையோ உவர்நீரையோ நிரப்பியவர்களின் இரும்பு வளையங்கள் உள்ளிருந்தே உக்கியிருக்கும். ரயரைக் கழற்றிப் பாராது காற்றடிக்காதீர்கள்.

பின்புறத்தில் சுழலும் தண்டு ஒரு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. சாரத்தின் நுனி அதில் பட்டால் கை நீட்டும் நேரமும் கிடையாது. பழைய இயந்திரங்களில் அதன் மூடி பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். தகட்டில் ஒன்று செய்வித்துப் பூட்டியபின்னரே சுழல் கலப்பையை இணையுங்கள். சேற்றில் புதைந்த வண்டியையோ மரக்குற்றியையோ இழுக்கும்போது சங்கிலியைக் கீழுள்ள இழுகோலிலேயே கட்டுங்கள். மேலே, இருக்கையின் அருகிற் கட்டினால் முன்சில்லுகள் எழும்பி, சாரதி கிளச்சை மிதிக்க எண்ணுமுன் இயந்திரம் அவர்மேற் கவிழும். இந்த இரண்டு காரியங்களிலும் பழக்கம் உதவாது. நெடுங்காலம் ஓட்டிப் பழகியவர்களே அதிகம் துணிகின்றார்கள்.

தோட்டஞ் செய்வோருக்குத் தனியே ஒன்று. ஆறு பரப்பிலோ எட்டுப் பரப்பிலோ மிளகாயும் கத்தரியும் வெங்காயமும் செய்பவர், இப்பெரிய இயந்திரத்துக்காகச் செலவிடுவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். சிறு பாத்திகளில் திரும்ப இடம் போதாது. பாரத்தினால் மண்ணும் இறுகும். நமது நாட்டவரான றே விஜேவர்த்தன அவர்கள் ஐம்பதுகளில் உருவாக்கியதும், இன்று எந்த நிறுவனத்தின் இருசில்லு இயந்திரத்துக்கும் நாம் வழங்கும் பெயரைத் தந்ததுமான 'லான்ட் மாஸ்டர்' வகையே அவர்களுக்குப் பொருந்தும். நெல்வயலும் தோட்டமும் சேர்த்துள்ள குடும்பங்கள், அல்லது நான்கைந்து குடும்பம் கூடி உழுதுகொள்வோர், பெரிய இயந்திரத்தைத் திருத்தலாம். பதிவுப் புத்தகம் காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலேயே இருக்குமாயின் செலவு தொடங்குமுன் உரிமையாளர் அனைவரின் சம்மதத்தையும் எழுத்திற் பெற்று, பெயர்மாற்றமும் காப்புறுதியும் வருமான உத்தரவுப்பத்திரமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடாத இயந்திரத்துக்குப் பங்கு கேளாதவர்களும் ஓடத் தொடங்கியதும் கேட்பதுண்டு.

இவ்வேலைகளை வைகாசியிற் தொடங்குங்கள். ஆடிக்குள் பம்பி திரும்பி வரவும், ஆவணியில் முதற் சால் ஓட்டவும் அதுவே அளவான காலம். விதைப்பு முடிந்து இயந்திரம் கொட்டிலுக்கு வரும் நாளில் சேற்றை நன்னீரால் கழுவுங்கள். தாங்கியை நிறைய டீசலால் நிரப்புங்கள், வெறுமையாக விட்டால் உட்சுவரில் ஈரம் வியர்க்கும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மாதம் இருமுறை எஞ்சினை இயக்கி, சூடேறும்வரை ஓடவிடுங்கள். எஞ்சின் ஆறியபின் புகைக்குழாயின்மேல் பேணியைக் கவிழ்த்துவிடுங்கள்.